பழைய ஜீப் பிக்கப்பில் பெட்ரோல் டேங்கை இடம் மாற்றலாமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆளுக்குப் பெட்ரோல் டேங்கோடு என்ன சம்பந்தம் என்று நீங்க கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனா நான் கிராமம் கிராமமாகச் சுற்றும்போது களத்து மேட்டில் நெற்பயிருக்கு அடுத்தபடியாக அதிகம் பார்ப்பது வண்டிகளைத்தான். அதிலும் அப்பா காலத்து ஜீப் பிக்கப்பை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் ஜீப்பு, பின்னால் திறந்த பெட்டி. காய்கறி மூட்டை, வைக்கோல், யூரியா, சில நாள் நாற்று நடப் போகிற பெண்கள், எல்லாம் அதில்தான். அந்த வண்டிகளில் டேங்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுகிற வேலை பல பட்டறைகளில் நடக்கிறது. சரியாகச் செய்தால் நல்ல வேலை. தப்பாகச் செய்தால் உயிருக்கு உலை. அதனால் இன்றைக்கு இதைப் பேசுவோம்.

இதற்கு நான் ஒரு வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். அது சென்னையில் கோட்டூர்புரத்தில் தொடங்குகிறது.

என் அக்காவை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறோம். அடையாற்றுக்குப் பக்கத்துத் தெரு. இப்போது அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிற பக்கம் என்று சொன்னால் பட்டணம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது. அவரிடம் அவருடைய அப்பா காலத்து ஜீப் பிக்கப் ஒன்று இருந்தது. பெட்ரோல் வண்டி. நீள சேஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார், மாதம் ஒரு தரம் ஓட்டுவார், அவ்வளவுதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். படகு வைத்து ஆட்களை மீட்டார்கள். மாமா வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். ஜீப்பு ஸ்டியரிங் வரைக்கும் முங்கிக் கிடந்தது.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் வந்து எஞ்சின் ஆயிலை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், வண்டி கிளம்பியும் விட்டது. டேங்கை மட்டும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். மூடி வழியாக உள்ளே போன தண்ணீர் அடியில் தங்கிவிடும். மேலே பெட்ரோல் மிதக்கும். அடித்தகடு உள்பக்கமிருந்து துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் மாமா வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் நான் வேலை பார்த்த மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவர். கத்தரி, வெண்டை போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகிறவர். என் மூலமாகத்தான் பேசி முடித்தது. ஆகையால் அந்த வண்டியில் என்ன நடந்தாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதத்தில் அவர் வந்து சொன்னார்: "சார், வண்டியில உக்காந்தா தலை சுத்துது. வேட்டியெல்லாம் பெட்ரோல் நாத்தம்."

எப்படி நாறாமல் இருக்கும்? அவர் உட்கார்ந்திருந்ததே டேங்கின் மேல்தான்.

இந்த ஜீப்பின் பிறப்பு அப்படி. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லீஸ் கம்பெனி செய்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டுப் பலகையைத் தூக்கிவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்றுவார்கள். சின்ன வண்டி, கல்லும் முள்ளும் குண்டுக் குழியும் உள்ள இடத்தில் ஓட வேண்டும், அடியில் எதுவும் தொங்கக் கூடாது. சண்டைக்குப் போகிற வண்டிக்கு அது சரிதான். போர் முடிந்து விவசாயிகளுக்காக வந்த ஜீப்புகளிலும் அதே இடம் தொடர்ந்தது. அந்த வில்லீஸ் ஜீப்பைத்தான் நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி முதலில் பூட்டி விற்று, பிறகு இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவிலேயே 1970-களின் தொடக்கத்தில் சி.ஜே.-5 ஜீப்பின் டேங்கைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வண்டியின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அந்தக் காலத்து பிக்கப் லாரிகளிலும் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்கு முதுகுப்புறம் இருந்தது. பழைய வண்டியை வைத்திருக்கிற பலர் இன்றைக்கும் அதைக் கழற்றிப் பெட்டிக்கு அடியில் மாற்றிக்கொள்கிறார்கள். ஆக, டேங்கை ஆள் உட்காருகிற இடத்தை விட்டு வெளியே எடுப்பது புத்திசாலித்தனமான யோசனைதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனா ஒன்று. சீட்டுக்கு அடியில் டேங்க் இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. அது சேஸுக்கு மேலே, வண்டியின் நடுவில் இருக்கிறது. பின்னாலிருந்து மோதினாலும் அதற்குச் சட்டென்று அடி படாது. டேங்க் நல்ல தகடாக இருந்து, மூடி இறுக்கமாக, குழாய்கள் புதிதாக இருந்தால் நாற்றமே வராது. எனவே உங்கள் வண்டியில் ஒழுக்குத்தான் பிரச்னை என்றால், அதே அளவில் புது டேங்க் வாங்கி அதே இடத்தில் மாட்டுங்கள். செலவும் குறைவு, சட்டத் தொல்லையும் இல்லை. நான் அந்த விவசாயியிடம் சொன்னதும் இதுதான். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அறுவடை நேரம். நான் அவர் வீட்டுப் பக்கம் போகவே மூன்று மாதம் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் டேங்க் சீட்டுக்கு அடியில் இல்லை. கேபினுக்குப் பின்னால், சேஸுக்கு வெளிப்பக்கம், இடது ஓரத்தில் இரண்டு ஆங்கிளில் தொங்குகிறது! பழைய டேங்க்கே. ஓட்டை இருந்த இடத்தில் பற்றவைத்திருந்தார்கள்.

"ஏன்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"லாரிக்கெல்லாம் பக்கத்துலதானே சார் இருக்கு? பட்டறைக்காரர் இதுதான் சுலபம்னாரு."

சுலபம்தான். மூன்று மணி நேர வேலை. அதன் பலனும் சீக்கிரம் தெரிந்தது. ஏரிக் கரையில் வைக்கோல் ஏற்றி வரும்போது எதிரே மாட்டுவண்டி. இவர் ஒதுங்கியிருக்கிறார். கரையோரத்தில் நட்டிருந்த கல் டேங்கின் பக்கவாட்டில் நீளமாகக் கீறிவிட்டது. பெட்ரோல் மண்ணில் கொட்டுகிறது. மேலே வைக்கோல். மாட்டுவண்டிக்காரர் வாயில் பீடி இருந்ததாம். புண்ணியவான், பார்த்த உடனே தூக்கி ஏரித் தண்ணீரில் எறிந்துவிட்டார். இல்லையென்றால் வைக்கோல், வண்டி, இரண்டு பேர், ஒரு ஜோடி மாடு எல்லாம் போயிருக்கும்.

இதே தப்பைப் பெரிய கம்பெனியும் செய்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1973-லிருந்து 1987 வரைக்கும் விற்ற பெரிய பிக்கப்களில் டேங்கை சேஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம், பக்கவாட்டில் வைத்தது. கேபினுக்குள் இருந்ததை வெளியே எடுத்தவரை சரி, எடுத்து வைத்த இடம் வினையாகிவிட்டது. பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் டேங்க் இரண்டு இரும்புக்கும் நடுவில் நசுங்கும். பலர் தீயில் கருகினார்கள். வழக்குகள் வந்தன. 1992-இல் அரசு விசாரணை தொடங்கியது. 1994 கடைசியில் சமரசமாக முடிந்தது. கம்பெனி 5 கோடி டாலருக்கு மேல் சாலைப் பாதுகாப்புப் பணிகளுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றவில்லை. அடுத்து வந்த புது மாடலில் டேங்கை இரண்டு சட்டத்துக்கும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்க. ஃபோர்டு கம்பெனியின் பின்டோ என்ற சின்னக் காரில் டேங்க் பின் ஆக்ஸிலுக்கும் பம்பருக்கும் நடுவில், போதுமான இடைவெளி இல்லாமல் இருந்தது. பின்னாலிருந்து மோதினால் ஆக்ஸில் போல்ட்டு டேங்கைக் குத்தும், பெட்ரோல் ஊற்றுகிற குழாயும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 1978-இல் அந்த ரகத்தில் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, டேங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் தடுப்பு வைத்து, ஊற்றுகிற குழாயையும் நீளமாக்கிக் கொடுத்தார்கள். சேஸுக்கு வெளியே வைத்தால் பக்கத்து மோதல், பம்பரை ஒட்டி வைத்தால் பின் மோதல். இரண்டுக்கும் தப்பிய இடம் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டேங்க் வாங்குவது அதற்கு அப்புறம்.

லாரியில் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லாரி டீசல் வண்டி. டீசல், பெட்ரோல் மாதிரிச் சாதாரண வெப்பத்தில் சட்டென்று பற்றாது. லாரியின் டேங்க் கனத்த தகடு, வண்டியும் உயரம், கம்பெனியே கணக்குப் போட்டு வைத்த இடம் அது. நம் பெட்ரோல் ஜீப்பு இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சரி, எங்கே வைக்கலாம்? நீள சேஸ் பிக்கப்பில் எனக்குப் பிடித்த இடம் பெட்டிக்கு அடியில், இரண்டு சேஸ் சட்டங்களுக்கும் உள்ளே, பின் ஆக்ஸிலுக்குப் பின்புறம். ஆனால் கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் ஒரு சாணுக்கும் மேலே இடைவெளி விட வேண்டும். டேங்கின் அடிப்பாகம் ஆக்ஸில் நடுவில் இருக்கிற பூசணி மாதிரியான டிஃபரன்ஷியலைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. தாழ்ந்திருந்தால் வரப்பு ஏறும்போது முதலில் தட்டுவது அதுதான். அடியில் கனத் தகடு ஒன்று கவசமாகப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தை விட்டு ஒதுங்க வேண்டும். முடியாவிட்டால் சைலன்சர் குழாயை மறுபக்கம் திருப்பிவிட்டு, நடுவில் தகரத் தடுப்பு கொடுங்கள்.

அளவு எடுக்கும்போது எல்லோரும் செய்கிற தப்பு, காலி வண்டியை நிறுத்திவிட்டு அளப்பது. காலி வண்டியில் ஆக்ஸிலுக்கும் டேங்குக்கும் ஒரு முழம் இடைவெளி தெரியும். பதினைந்து மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் விட்டால் பட்டைகள் நேராகி ஆக்ஸில் மேலே வந்து டேங்கை இடிக்கும். முழு லோடு ஏற்றி நிறுத்தி, அதற்கப்புறம் டேப்பைப் பிடியுங்கள்.

இடத்தை முடிவு செய்ததும் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். நம்மில் பலர் இதைக் கடைசியில்தான் நினைப்போம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு தாளில் டேங்க் இருக்கிற இடத்தையும் வைக்கப் போகிற இடத்தையும் படமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் ஒரு கடிதம். வண்டியில் ஏதாவது நடந்து பணம் கேட்கப் போகும்போது, "நீங்களே மாற்றிக்கொண்டது" என்று அவர்கள் கையை விரித்தால் நமக்குப் பேச வாயிருக்காது. கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டால் முதலில் சொன்னபடி பழைய இடத்திலேயே புது டேங்க். அவரோடு சண்டை வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

பழைய டேங்கைப் பற்றவைக்காதீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் சாலையோரப் பட்டறை ஒன்றில் என் பைக்குக்குப் பஞ்சர் பார்க்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயசு இருக்கும், பெட்ரோல் டேங்க் ஒன்றுக்குக் கேஸ் வெல்டிங் வைக்கப் போனான். "ரெண்டு நாளா வெயில்ல கவுத்து வச்சிருக்கு, சொட்டு கிடையாது" என்றார் பட்டறைக்காரர். சுடர் பட்டதும் இடி விழுந்த மாதிரி சத்தம். டேங்கின் அடித்தகடு பிய்ந்து கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனுடைய இடது காது இன்றைக்கு வரைக்கும் கேட்காது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

சொட்டு கிடையாது என்று பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை. சிக்கலே அங்கேதான். பெட்ரோலின் ஆவி காற்றில் நூற்றுக்கு சுமார் ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால்தான் பற்றி வெடிக்கும். பெட்ரோல் நிறைய இருக்கிற டேங்குக்குள் ஆவி ரொம்ப அடர்த்தி, பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். காலி செய்து காய வைத்தால் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சரியாக வெடிக்கிற அளவுக்குள் வந்து நிற்கும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதால் அது அடியிலும் மடிப்புகளிலும் படுத்துக்கிடக்கும். துருவின் பொருக்குக்குள்ளும் ஊறி இருக்கும். சுடர் பட்டதும் அங்கேயிருந்து வெளியே வரும். ஆக, நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. டீசல் டேங்க்தானே என்றும் அலட்சியம் வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஒட்டியிருக்கிற டீசலும் ஆவியாகி அதே வேலையைச் செய்யும். நீராவி விட்டுக் கழுவி, உள்ளே ஆவி இல்லை என்று கருவி வைத்துப் பார்த்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் புது டேங்க். தாங்கு ஆங்கிள்களுக்கும் வெல்டிங் தேவைப்பட்டால் டேங்கை ஏற்றுவதற்கு முன்பே, பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இல்லாதபோது முடித்துவிடுங்கள்.

இனி பொருத்துகிற விதம். 40 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 30 கிலோ. டேங்கின் எடை வேறு. ஒரு யூரியா மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கை அடியில் தொங்கவிட்டு மண் ரோட்டில் உதறுகிற மாதிரி. அதனால் டேங்கின் காதுகளில் மட்டும் போல்ட்டு போட்டால் காது கிழியும். அடியில் தாங்கு சட்டம், மேலே சுற்றிப் பிடிக்க இரண்டு இரும்புப் பட்டை வேண்டும். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் பழைய பெல்ட்டுத் துண்டு வையுங்கள். கதிரடிக்கிற மெஷினில் கழித்த பெல்ட்டு உங்கள் கொட்டகையிலேயே கிடக்கும். ஆனால் பெல்ட்டு வைத்ததும் டேங்குக்கும் சேஸுக்கும் மின்தொடர்பு அறுந்துவிடும். பெட்ரோல் கேஜ் முள் ஆடாது. ஆகவே டேங்கிலிருந்து சேஸுக்கு ஒரு எர்த் வயர் கட்டாயம். டேங்க் வாங்கும்போது உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் திருப்பத்தில் பெட்ரோல் ஒரே பக்கமாக அலைமோதும்.

பெட்ரோல் ஊற்றுகிற வாயைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்த விவசாயி இரண்டாம் தடவை அப்படித்தான் வைக்கப் பார்த்தார், ஓட்டை போடச் சுலபம் என்று. பங்கில் வழிகிற பெட்ரோல் நேராக வைக்கோலிலும் சாக்கிலும் ஊறும். வாய் பெட்டியின் வெளிப்பக்கச் சுவரில், டேங்கைவிட நல்ல உயரத்தில், சரிவாக இறங்குகிற குழாயோடு இருக்கட்டும். மூச்சுக்குழாயையும் மறக்க வேண்டாம். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் வண்டி பத்து மைல் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் "புஸ்" என்று சத்தம் வரும், திரும்பக் கிளம்பும். மெக்கானிக்குகள் பம்பைக் குறை சொல்வார்கள். மூச்சுக்குழாயை டேங்கின் உச்சியிலிருந்து எடுத்து, ஊற்றுகிற வாய்க்கும் மேலே ஒரு வளைவு கொடுத்துக் கீழே இறக்குங்கள். அப்போதுதான் ஏற்றத்தில் நிறுத்தினாலும் ஒழுகாது.

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வருகிற குழாய் இப்போது நீளமாகிவிடும். முழு நீளத்துக்கும் ரப்பர் ஓஸ் போடாதீர்கள். இரும்புக் குழாய் போட்டு, இரண்டு முனையில் மட்டும் ஒரு சாண் ஓஸ். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம்தான், ஆனால் அதிர்ந்து அதிர்ந்து நாளாவட்டத்தில் விரிசல் விடும். சேஸின் உள்பக்கமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், அடிக்கு ஒரு கிளிப் போட்டுக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் சைலன்சர் சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் மூச்சடைத்து நிற்கும்.

இந்தக் குழாயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்‌ஷன் பைப்பில் ஊசி ஓட்டை விழுந்தால் வெளியே சொட்டுக்கூட வராது. காற்றை இழுத்துக்கொண்டு மோட்டார் தண்ணீர் எடுக்காது. எஞ்சினில் இருக்கிற பெட்ரோல் பம்பும் அப்படித்தான் பின்னாலிருந்து இழுக்கிறது. காலையில் வண்டி பத்து தடவை சுற்றினால்தான் கிளம்புகிறது என்றால் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் ஓஸ் கிளாம்புகளைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்த வண்டியாக இருந்தால் டேங்குக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் லைன் ஒன்றும் வேண்டும். அந்த எஞ்சின் மாற்றமும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். அது தனிக் கதை.

ஓஸ் வாங்கும்போது இன்னொரு விஷயம். இன்றைக்குப் பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். 2022-இல் பத்து பங்காக இருந்தது, 2025-இல் இருபதாகிவிட்டது. அது வேறெங்கிருந்தும் வரவில்லை. உங்கள் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும்தான் வருகிறது. விவசாயிக்கு அதனால் சந்தை கூடுகிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-இல் சொல்லியிருக்கிறது. டேங்கை இடம் மாற்றும்போது பழைய ஓஸை மிச்சம் பிடிக்காமல், எத்தனால் தாங்குகிற ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். பம்பின் டயாஃப்ரத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. தண்ணீர் அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். டேங்கின் அடியில் ஒரு டிரெயின் பிளக் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தரம் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் வேறு நிறமாகக் கோடு தெரிந்தால் தண்ணீர் என்று அர்த்தம்.

வேலை முடிந்த உடனே டேங்கை நிரப்ப வேண்டாம். ஐந்து லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். அடியில் உலர்ந்த மண்ணைப் பரப்பி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மண்ணில் ஈரப்பொட்டு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் முழுக்க நிரப்பி, களத்து மேட்டுச் சரிவில் முன்பக்கம் மேலாக ஒரு மணி நேரம், பின்பக்கம் மேலாக ஒரு மணி நேரம். டார்ச் லைட் வைத்துப் பாருங்கள். தீப்பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். முதல் லோடு ஓட்டிய பிறகு பட்டை போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்குங்கள். பெல்ட்டுத் துண்டு அமுங்கி இளகியிருக்கும்.

அந்த விவசாயி பற்றவைத்த டேங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதற்கு முன்னால் அடியில் கடப்பாரையால் நான்கு ஓட்டை போட வைத்தேன், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று. இன்ஸ்பெக்டரிடம் படத்தைக் காட்டி எழுதி வாங்கி, புது டேங்கைச் சேஸ் சட்டத்துக்குள் மாட்டி, எஃப்.சி.யும் முடித்தார். மொத்தத்தில் பத்து நாள் வண்டி நின்றது. அதற்குள் ஒரு பறிப்பு வெண்டைக்காய் முற்றிப்போனது என்று இன்னும் என்னிடம் குறைப்படுகிறார்.

போன தைப் பொங்கலுக்கு அவர் கோட்டூர்புரத்துக்கே கரும்பும் மஞ்சள் கொத்தும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாமா வெளியே ஓடிவந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டேங்க் இருந்த குழியில் இப்போது ஜாக்கி, ஸ்பேனர், ஒரு தார்ப்பாய். அக்கா மட்டும் வாசலிலேயே நின்று, "வண்டி இன்னும் அப்படியே பெட்ரோல் நாறுதா?" என்று கேட்டாள். "வந்து உக்காந்து பாருங்கம்மா" என்றார் அவர். அக்கா ஏறி உட்கார்ந்தாள். காந்தி மண்டபம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள்.

இது சம்பந்தமாகக் கேள்வி இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். வண்டி என்ன வருஷத்து மாடல், பெட்ரோலா டீசலா, டேங்க் இப்போது எங்கே இருக்கிறது என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.